கயிறும் பாம்பும்

மங்கிய மாலைப்பொழுதில் வழியிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு பதைப்பவர் உண்டு. தூரத்தே நிற்பது கட்டையோ ஆளோ எனத் தடுமாறுபவரும் உண்டு. முன்னையது திரிபு, பின்னையது ஐயம். இவ்விரண்டும் நீங்கிய அறிவையே குற்றமற்ற காட்சியாக, 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் கொள்கின்றார். இவற்றுள் திரிபே பொல்லாதது. ஐயமுற்றவன் கிட்டச் சென்று பார்ப்பான். திரிபுற்றவனோ பாராமலே தடியைத் தேடுவான்.

ஒரே பொருள் ஆளுக்காள் வேறாய்த் தோன்றுவது ஏன்? செம்பரத்தம்பூவின் அருகே வைத்த படிகம் சிவந்து தோன்றும். அதுபோலச் சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு என்பது சைவசித்தாந்தம்.

யாழ்ப்பாணத்து வேலி வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தகப்பனார் நாட்டிய கதியாலை நினைவில் வைத்துப் பேசுவார். அயலவர் உறுதியில் எழுதிய பரப்புக் கணக்கை வைத்துப் பேசுவார். இருவரும் பொய்யர் அல்லர். ஆயினும் எல்லை ஒன்றுதான். இருவர் சொல்வதும் சரியென்று சமாதானம் கூறினால் வேலி அடைக்க முடியாது.

அருணந்தியாரும் அப்படிச் சமாதானம் கூறவில்லை. அவர் நூலின் முற்பகுதியாகிய பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பதினான்கு மதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் அம்மதத்தார் கூறுமாறே முதலிற் கூறி, அதன் பின்னரே மறுக்கின்றார். தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்கும் பிறகுதான்.

வேலி வழக்கிலோ, அயலவரின் உறுதியை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்க்குமுன்னரே பிராது எழுதப்பட்டுவிடுகின்றது.