டிரஸ்ஸர் பார்க்காத நோயாளிகள்

பால்மரக் காலத்துத் தோட்டங்களில் மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். மாடு படுத்துக்கொண்டால் அரசாங்கத்து ஹைவான் (விலங்குத் துறை) ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நாய்க்கும் பூனைக்கும் யாருமில்லை. விடியுமுன் மரம் சீவப் போகிறவர்களுக்கு முன்னால் ஓடி, பாம்பைக் கண்டு குரைத்த நாய், தனக்கு நோய் வந்தபோது லயத்துப் பின்கட்டில் சுருண்டு கிடந்தது. வீட்டில் இருந்ததை எடுத்துத் தடவினார்கள், வாயில் ஊற்றினார்கள். கறுப்பெண்ணெய், மண்ணெண்ணெய், மஞ்சள், வேப்பிலை, கடைசியில் பனாடோல். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதில் தொடங்கிய மலாக்காத் தோட்ட வாழ்க்கையில், இந்தக் கைவைத்தியங்கள் வேறு வழியில்லாத அன்பிலிருந்து பிறந்தவை. அதற்காக அந்தத் தலைமுறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் காலம் மாறிவிட்டது. அசஹான், மெர்லிமாவ் பக்கத்து லயங்களிலிருந்து பலர் ஜாசின், அலோர் காஜா, ஆயர் குரோ தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். விலங்கு மருத்துவமனை காரில் போகிற தூரத்தில் இருக்கிறது. நம்பிக்கைகள் மட்டும் லயத்தைவிட்டு வெளியே வரவில்லை. அவை உயிரையும் வாங்குகின்றன, காசையும் வாங்குகின்றன.

“நாய் டாக்டரிடம் போனால் நூறு நூறாகப் பிடுங்கிவிடுவார்கள்”

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட். அதில் வீட்டு வாடகை, பள்ளிச் செலவு போக, நாய்க்கென்று நூறு வெள்ளி எடுத்துவைப்பது எளிதல்ல. தனியார் கிளினிக்குக்கு அரசு மானியமும் கிடையாது. மனிதருக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி கொடுத்துப் பழகிய நமக்கு, அந்த பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரிய பில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பார்வோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியும் இரத்தப்பேதியுமாகக் குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய். பிடித்துவிட்டால் நாள் கணக்கில் கிளினிக்கில் வைத்து நரம்பில் தண்ணீர் ஏற்ற வேண்டும். செலவு பல நூறு வெள்ளி. சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இதைத் தடுக்கும் ஊசியின் விலை அதில் சிறு பங்கு. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை. நம்மவர்கள் பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். அதனால்தான் 16 வாரம் வரை விடாமல் போடச் சொல்கிறார்கள்.

ஒரு குட்டி பார்வோவில் செத்த வீட்டில் உடனே இன்னொன்றைக் கொண்டுவந்து விடுகிறோம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும். சிமெண்டுத் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊறவிட்டால் அது சாகும். மண்தரையில் அதுவும் பலிக்காது. ஊசிகளை முடித்த நாயைத்தான் அங்கே விட வேண்டும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. வளர்ந்த நாய்க்கு எல்லா ஊசியும் ஆண்டுதோறும் தேவையில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற அடிப்படைத் தடுப்பூசிகளை, குட்டிக்கால வரிசையும் அடுத்த பூஸ்டரும் முடிந்தபின், மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதே உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் ஊசி மட்டும் ஆண்டுதோறும் வேண்டும். எலி நடமாடும் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் அதை விடக்கூடாது. எது இந்த ஆண்டு தேவை, எது தேவையில்லை என்று டாக்டரிடமே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நாளுக்கு 1 வெள்ளி உண்டியலில் போட்டால் ஆண்டுக்கு 365 வெள்ளி சேரும். வழக்கமான தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அதற்குள் அடங்கும்.

“சொறிக்குக் கறுப்பெண்ணெய்தான் மருந்து”

இன்றும் தோட்டத்துப் பக்கம் போனால், உடம்பெல்லாம் எஞ்சின் எண்ணெய் பூசப்பட்ட நாயைப் பார்க்கலாம். லாரியிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் வடித்த பழைய எண்ணெய். பூசியதும் அரிப்பு கொஞ்சம் அடங்குவதுபோலத் தெரியும், அதனால் நம்பிக்கை வளர்கிறது. அந்த எண்ணெயில் உலோகத் துகளும் நச்சு இரசாயனமும் கலந்திருக்கின்றன. நாய் அதை நக்கும். தோல் வெந்துபோகும், வயிற்றுக்குள் போனது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் அந்த எண்ணெயோடு நிற்கிற நாயின் வேதனையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சொறி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல நோய்கள். தோலுக்குள் குடையும் சிறு பூச்சி, மயிர்க்கால்களில் வாழும் வேறொரு பூச்சி, படர்தாமரை, உண்ணிக்கடி ஒவ்வாமை எல்லாமே வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அதற்காகத்தான். அந்தச் சோதனை மலிவானது, சில நிமிடத்தில் முடிவது. பூச்சிதான் என்று தெரிந்தால் இன்று வாய்வழி மாத்திரைகளே இருக்கின்றன. உண்ணிக்கு வாங்கும் அதே மாத்திரைகள் பலவும் சொறிப்பூச்சியையும் கொல்லும், ஆக ஒரே செலவில் இரண்டு வேலை. குடைகிற பூச்சி வீட்டுப் பிள்ளைகளின் தோலிலும் அரிப்பை உண்டாக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

“காய்ச்சலா? அரைப் பனாடோல் கொடு”

பூனைக்கு ஒருபோதும் வேண்டாம். பனாடோலில் இருக்கும் பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்றத் தேவையான என்சைம் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு 125 மில்லிகிராம் ஆகிறது. அது உயிரைப் பறிக்கும் அளவு, பாதியும் ஆபத்தே. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். மாற்று மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில் நேரம் முக்கியம். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுப்பதும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

“எலி மருந்து தின்னுச்சா? தேங்காய்த் தண்ணி ஊத்து, நாளைக்குப் பார்ப்போம்”

தோட்டத்துப் பக்கம் அதிகம் நாய் சாவது இந்த ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதில்தான் என்று நினைக்கிறேன். செம்பனையில் எலியை ஒழிக்க வைக்கும் மெழுகுக்கட்டி போன்ற இரை, பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. வார்ஃபரின், புரோடிஃபகூம் போன்றவை. அதைத் தின்ற நாய் அன்றும் மறுநாளும் நன்றாகவே ஓடும், தின்னும். உடலில் ஏற்கெனவே இருக்கும் உறைவுப் பொருட்கள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளுக்கு மேல் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கிலோ மலத்திலோ இரத்தம். அப்போது கிளினிக்குக்குத் தூக்கிப்போனால் இரத்தம் ஏற்றும் நிலை வந்திருக்கும்.

தின்ற சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் டாக்டர் ஊசியால் வாந்தி எடுக்கவைப்பார், விஷத்தின் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். பிறகு வைட்டமின் கே1 மாத்திரை, தேவைப்பட்டால் வாரக்கணக்கில். இரத்தம் ஏற்றுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு கொஞ்சம்தான். தேங்காய்த் தண்ணீர், பச்சை முட்டை, பால் எதுவும் இந்த விஷத்தை முறிக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது இன்னும் மோசம், உப்பே நாயைக் கொன்றுவிடக்கூடும். பக்கத்து ஃபீல்டில் எப்போது இரை வைக்கப்போகிறார்கள் என்று மந்தோரிடம் முன்பே கேட்டுவைத்து, அந்த வாரம் நாயைக் கட்டிவையுங்கள். தின்றுவிட்டால் இரையின் மிச்சத்தையோ உறையையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

“ஜபாத்தான் ஹைவான் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான்”

பெரியவர்கள் இப்படிச் சொல்வதற்குக் காரணம், தோட்டத்துக்குள் அந்த ஆட்கள் வந்ததே மாட்டுக்காகத்தான். இன்று கால்நடைச் சேவைத் துறை என்ற பெயரில் இயங்கும் அந்தத் துறையின் முதன்மை வேலை இன்னமும் பண்ணை விலங்குகளே. ஆனாலும் நாட்டின் பல அரசு கிளினிக்குகள் நாய், பூனைக்கும் தடுப்பூசியும் எளிய சிகிச்சையும் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் தருகின்றன. மலாக்காவில் மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்று மாவட்டங்கள். உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு எந்த நாளில் செல்லப்பிராணி பார்க்கிறார்கள், ஊசிக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். இரவு நேரத்துக்கும் பெரிய அறுவைக்கும் அவர்களை நம்பியிருக்க முடியாது.

“மலாய்க்கார டாக்டர் நாயைத் தொடமாட்டார்”

இதைப் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணத்தால் பக்கத்திலிருக்கும் கிளினிக்கைத் தாண்டி மணிக்கணக்கில் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் ஈரம் பட்டால் மண் கலந்த நீர் ஒருமுறையும் தூய நீர் ஆறுமுறையும் என்று ஏழுமுறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். அதைச் ‘சமாக்’ என்பார்கள். தொழிலில் நாயைத் தொட்டுச் சிகிச்சை செய்துவிட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்றே எத்தனையோ முஸ்லிம் டாக்டர்கள் நடக்கிறார்கள். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் விலங்கு மருத்துவம் படிக்கும் எந்த மாணவரும் நாய் நோயைப் படிக்காமல் பட்டம் வாங்குவதில்லை. பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகளும் உண்டு. ‘அன்ஜிங் (நாய்) பார்ப்பீர்களா?’ என்று போனில் ஒரு வரி கேட்டால் தீர்ந்தது.

“ஊசி போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிட்டதே, அவர்தான் கைராசிக்காரர்”

அரிப்பை உடனே நிறுத்துவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சில நோய்களுக்கு அது சரியான மருந்துதான். சொறிப்பூச்சி இருக்கும் தோலில், காரணம் பார்க்காமல் போட்டால் உடலின் எதிர்ப்பு அடங்கிப்போய்ப் பூச்சி பெருகும். இரண்டு வாரத்தில் அரிப்பு திரும்பும், மறுபடி ஊசி, மறுபடி காசு. டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, தொட்டுப் பார்த்தாரா, எடை போட்டாரா, என்ன நோய் என்று நினைக்கிறார் என்பதைச் சொன்னாரா என்பதைத்தான்.

அவர் டாக்டர்தானா என்பதும் கேள்வி. 1974 விலங்கு மருத்துவர் சட்டப்படி மலேசிய விலங்கு மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் புதுப்பித்தவர்தான் சிகிச்சை செய்யலாம். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பெட் ஷாப்பில் ஊசி போடும் பையனும், பிளேடால் பூனைக்குக் காயடிக்கும் ஆளும் இதில் வரமாட்டார்கள். 2017 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2015 விலங்கு நலச் சட்டத்தில், விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மயக்க மருந்தில்லாத பிளேடு எந்தப் பக்கம் வரும் என்று யோசியுங்கள்.

பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டாம். நாய் நலமாக இருக்கும்போதே ஒருமுறை ஊசிக்குப் போய்ப் பாருங்கள். இரவில் போன் எடுப்பார்களா, எக்ஸ்ரே இருக்கிறதா, தங்களால் முடியாததை எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். மலாக்காவிலிருந்து பலரை அனுப்புவது செர்டாங் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு. அதுவும் இலவசமல்ல. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப்போனால் அதே சோதனைக்கு இரண்டாம் முறை காசு கட்டும் நிலை வராமல் தவிர்க்கலாம்.

“ஒருமுறையாவது குட்டி போடட்டும், கருத்தடை பாவம்”

முதல் ஈற்று உடலுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் கிடையாது. நாயின் கர்ப்பம் சுமார் 63 நாள். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்பிடிக்கும். கருத்தடை செய்யாத பெண்நாய்க்கு வயதானபின் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. அவசர அறுவை இல்லாவிட்டால் உயிர் போகும், அந்த அறுவைக்கு இளவயதுக் கருத்தடையைவிடப் பல மடங்கு ஆகும். அவிழ்த்துவிட்ட நாய்களிடையே இணைசேர்க்கையில் தொற்றும் கட்டியும் நம் பக்கம் சகஜம். பாவம் என்றால், சந்தைக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்துவிட்டு வரும் குட்டிகளைத்தான் சொல்ல வேண்டும். விலங்கு நல அமைப்புகள் சலுகைக் கட்டணத்தில் கருத்தடைக்கு உதவுவதுண்டு, விசாரியுங்கள்.

“டாக்டரிடம் காசைப் பற்றிப் பேசினால் அவமானம்”

இதுதான் பலரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கவுண்டரில் பில்லைப் பார்த்து வாயடைத்துப் போகிறோம். அடுத்தமுறை நோய் முற்றும்வரை போவதே இல்லை. முதலிலேயே சொல்லலாம்: “டாக்டர், என்னிடம் இப்போது இருநூறு வெள்ளிதான் இருக்கிறது. இதற்குள் எது முதலில் செய்ய வேண்டும்?” எந்தச் சோதனை சிகிச்சையை மாற்றும், எதை நாளை பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு அவருடையது. மதிப்பீட்டை எழுதிக் கேளுங்கள், மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள், தவணை உண்டா என்று கேளுங்கள். காப்பாற்றவே முடியாத வேதனை என்றால், வலியில்லாமல் ஊசி போட்டுத் தூங்கவைப்பதைப் பற்றியும் கேட்கலாம். அதைக் கேட்பவர் கொடியவர் அல்லர்.

போனில் மூன்று எண்களைப் பதிந்துவையுங்கள்: வழக்கமான கிளினிக், இரவில் திறந்திருக்கும் கிளினிக், மாவட்டக் கால்நடை அலுவலகம். தடுப்பூசி அட்டையையும் படமெடுத்து அதே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.