மக்களைப் படித்த பேராசிரியர்

நாம் புத்தகம் படிக்கிறோம். மக்களையும் படிக்க முடியுமா? முடியும். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை வணங்குகிறார்கள் என்று ஆராயும் படிப்பு உண்டு. அதன் பெயர் மானிடவியல். அதில் பெரிய அறிஞர் எம்.என். சீனிவாஸ்.

அவர் 1916-ல் மைசூரில் பிறந்தார். பம்பாயிலும் இங்கிலாந்திலும் படித்தார்.

குடகு மக்கள்

குடகு மலை மக்களைப் பற்றி ஆராய்ந்தார். காவிரி பிறப்பது குடகில்தான். அங்கே ஒரே முன்னோர் வழியில் வந்த கூட்டுக் குடும்பத்துக்கு 'ஒக்கா' என்று பெயர். அந்தக் காலத்தில் ஒக்காவின் நிலத்தைப் பங்கு போடுவதில்லை. நிலத்தைத் தந்த முன்னோரை எல்லோரும் கும்பிட்டார்கள். நெல் விளைந்ததும் முதல் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அது புத்தரித் திருநாள். நம் பொங்கலைப் போன்றது. சாமிக்கு என்று விட்ட காடுகளும் அங்கே உண்டு. நிலம், குடும்பம், சாமி மூன்றும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. இதை விளக்கி அவர் எழுதிய நூல் 1952-ல் வெளிவந்தது.

கிராமத்தில் தங்கினார்

1948-ல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கினார். ஊர்த் தலைவரின் மாடுகள் கட்டும் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. உழவர்களோடு பேசினார். கேட்டதை எழுதி வைத்தார். நிலமும் ஆள் பலமும் உள்ள சாதியின் சொல்தான் ஊரில் எடுபடுகிறது என்று கண்டார். தம் நூலில் அந்த ஊருக்கு ராம்புரா என்று வேறு பெயர் வைத்தார்.

நெருப்பு

1970 ஏப்ரலில் அவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் வேலை செய்த கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். கிராமத்தைப் பற்றி 18 ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புகள் எரிந்தன.

அவர் மனம் உடைந்தார். ஆனாலும் வேலையை விடவில்லை. மக்களின் முகமும் பேச்சும் நினைவில் இருந்தன. நினைவிலிருந்தே எழுதினார். அந்த நூல் 1976-ல் வெளிவந்தது. உலகம் முழுவதும் அறிஞர்கள் அதைப் படித்தார்கள்.

பெங்களூரில்

1972-ல் பெங்களூருக்கு வந்தார். பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவுடன் சேர்ந்து ஓர் ஆய்வு நிறுவனத்தை வளர்த்தார். 1999-ல் அந்த நகரிலேயே காலமானார்.

உழவரின் பேச்சும் நூலாகும் என்று அவர் காட்டினார். உங்கள் ஊருக்கும் கதை உண்டு. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.

சொல்லும் பொருளும்
ஆய்வு – ஆராய்ச்சி
குறிப்பு – சுருக்கமாக எழுதி வைப்பது

சிந்திப்போம்
1. ஒக்கா என்றால் என்ன?
2. குறிப்புகள் எரிந்த பிறகு சீனிவாஸ் என்ன செய்தார்?
3. உங்கள் ஊரில் அதிக நிலம் யாரிடம் உள்ளது? கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு? பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.