என் உயிர், என் இஷ்டமா?

2020-ஆம் ஆண்டு ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். அன்று எழுந்த ஒரு கேள்வி சிலருடைய நெஞ்சில் இன்றும் இருக்கிறது. "நோய் வந்தால் எனக்குத்தானே வரும்? தவக்குல் வைத்துப் பள்ளிக்குச் செல்பவனைத் தடுக்க அரசாங்கம் யார்?"

கேட்பவரின் ஈமானை நாம் குறை சொல்லவில்லை. மஸ்அலாதான் தவறு.

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாகக் கூறியது ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன், நம் பங்கில் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் நினைத்தார்கள். எண்ணம் நல்லதுதான், இடமும் அவர்களுடையதுதான். தடுக்காமல் விட்டால் எல்லோருமே மூழ்க வேண்டியதுதான். தொற்றுநோயோடு ஸஃப்பில் வந்து நிற்பவரும் இப்படித்தான்.

ஹிஜ்ரி 18-ஐ ஒட்டி ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியது. ஸர்க் என்னும் இடத்தில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குச் செய்தி கிடைத்தது. கலீஃபாவாக இருந்தும் அவர்கள் உடனே உத்தரவு போட்டுவிடவில்லை! முஹாஜிர்களைக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸாரிகளிடமும் அப்படியே. குறைஷிப் பெரியவர்கள் ஒருமுகமாகச் சொன்ன பிறகே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்றார்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் நோய் வந்தால் தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியைப் பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்தார்கள்.

அப்படியானால் ஆள்பவர் சொன்னதெல்லாம் சட்டமா? இல்லை. ஒரு படைத்தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டி, அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். நெருப்புக்குப் பயந்துதானே நபியவர்களிடம் வந்தோம் என்று அவர்கள் தயங்கி நின்றார்கள். இறங்கியிருந்தால் அதிலிருந்து வெளியேறியிருக்கவே மாட்டார்கள், கீழ்ப்படிதல் நல்ல காரியத்தில் மட்டுமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் பின்னர் தீர்ப்புச் சொன்னார்கள்.

2020-ல் தொழாதே என்று உத்தரவு வரவில்லை. கூட்டம் கூடாதே என்றுதான் வந்தது. ஜும்ஆவுக்குப் பதில் லுஹர் தொழ வழி இருந்தது. தொழுகையையே விடச் சொல்லியிருந்தால் நம் பதில் வேறாக இருந்திருக்கும். இந்திய அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவும் மதச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. ஆனால் நோய் தணிந்து, கடைவீதியெல்லாம் திறந்த பின்னும் பள்ளி மட்டும் பூட்டியே கிடந்தால், ஜமாஅத்தார் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். அது கீழ்ப்படியாமை ஆகாது.