உபினுக்குப் போக அமாவாசை பார்க்க வேண்டும்

உபின் தீவு என்றதும் சிங்கப்பூர்க்காரர்கள் சைக்கிள் என்பார்கள். படகுத்துறையைத் தாண்டியதுமே வரிசையாக வாடகைச் சைக்கிள் கடைகள்தான் இருக்கும். என் கட்சி வேறு. அது நடக்க வேண்டிய தீவு. ஊரிலிருந்து பெற்றோர் வந்து, மரீனா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா எல்லாம் பார்த்து முடித்து, "இன்னும் என்னப்பா இருக்கு இங்க?" என்று கேட்கும் நாளுக்காகவே உபினை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெரிய ஏற்றம் கிடையாது, வழி தவறவும் வாய்ப்பில்லை. முழங்கால் வலிக்காரர்களும் தங்கள் வேகத்தில் போய் வரலாம்.

ஆனால் எந்த நாளில், எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதைக் கடலிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலம்தான் இந்த நடையின் உயிர். கடல் ஏறியிருக்கும்போது போனால், பலகைப் பாலத்தின் அடியில் கலங்கிய தண்ணீர் மட்டுமே தெரியும். என் அம்மாவை முதலில் அழைத்துப் போனது அப்படியொரு நண்பகலில்தான். "இந்தத் தண்ணியப் பாக்கவா படகு ஏறி வந்தோம்?" என்றார். அடுத்த முறை கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். அதே பாலத்தின் கீழே கடற்புல் வெளி விரிந்து கிடந்தது. ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகள், சேற்றில் துள்ளும் மீன்கள், கண் பழகினால் ஆங்காங்கே நட்சத்திர மீன். அம்மா கைப்பிடியை விட்டு நகரவே இல்லை.

இதற்கு எளிய கணக்கு உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அந்த நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தில் சிங்கப்பூரின் ஓத அட்டவணையைத் திறந்து, நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தைத் தேடுங்கள். ஆண்டின் நடு மாதங்களில் மிகத் தாழ்ந்த வற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் வந்துவிடும். ஆண்டு இறுதியில் அது மாலைப் பக்கம் நகரும். செக் ஜாவா காலை 8.30க்குத்தான் திறக்கிறது, மாலை 6 மணிக்கு மூடிவிடுகிறது. இரண்டும் பொருந்துகிற நாள் மாதத்துக்குச் சிலதான் கிடைக்கும். அந்த நாளுக்கு விடுப்பு எடுத்தாலும் தகும். அவ்வப்போது பராமரிப்புக்காகப் பாலத்தின் சில பகுதிகளை மூடிவைப்பார்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

போகும் வழி சுலபம். தானா மேரா எம்ஆர்டி நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் வந்து, அங்குள்ள உணவங்காடியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே நாசி லெமாக் பிரபலம். இட்லி கேட்கிற பெற்றோர் என்றால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது நல்லது. பக்கத்திலேயே படகு முனையம். பம்போட் என்கிற மரப்படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். வார இறுதியில் சில நிமிடங்களில் ஆள் சேர்ந்துவிடும், வார நாளில் காத்திருக்க வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் மீதி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். கட்டணம் சில வெள்ளிதான். ரொக்கமாக வைத்திருங்கள், நோட்டைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு போவது உத்தமம். படகில் ஏறும்போதுதான் வயதானவர்களுக்குக் கொஞ்சம் சிரமம், படகு ஆடும். "அங்கிள், ஸ்லோ ஸ்லோ" என்றால் படகோட்டி கை கொடுப்பார்.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவா 3 கிலோமீட்டர் அளவு. தெம்பு உள்ளவர்கள் முக்கால் மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். பெரியவர்களோடு போகும்போது நான் அதைச் செய்வதில்லை. படகுத்துறையை ஒட்டிய கம்பத்தில், அதாவது கிராமத்தில், வேன்கள் நிற்கும். போகவும் வரவும் வேன் பேசிவிட்டு, திரும்ப அழைத்துப்போக வேண்டிய நேரத்தையும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுவேன். கால்களின் தெம்பு முழுவதும் பலகைப் பாலத்துக்குச் செலவாகட்டும். அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு பாதி கடலின் மேலேயும் மறு பாதி அலையாத்திக் காட்டுக்குள்ளேயும் சுற்றி வருகிறது. கடல் பக்கத்தில் நிழலே கிடையாது, குடையோ தொப்பியோ இல்லாமல் இறங்காதீர்கள். காட்டுப் பக்கம் வந்ததும் வெயில் தணியும், கொசு தொடங்கும். அம்மாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்ததும் "நம்ம முத்துப்பேட்டைதான்" என்று சொல்லிவிட்டு, எனக்கே விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

காட்டோரத்தில் 20 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரம் நிற்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்துவிடலாம். ஏறுகிறவர்களுக்கு மரங்களின் தலைகளும் எதிரே ஜொகூர்க் கரையும் தெரியும். பார்வையாளர் நிலையமாக இருக்கும் ஓட்டு வீடு 1930களில் பிரிட்டிஷ் தலைமை நில அளவையாளரின் ஓய்வில்லமாகக் கட்டப்பட்டது. குளிரே தெரியாத இந்த ஊரில் கணப்பு அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்! வீட்டு ஏக்கம் யாரைத்தான் விட்டது.

இந்த இடமே இன்று மண் மூடிக் கிடந்திருக்க வேண்டியது. செக் ஜாவாவைத் தூர்த்து நிலமாக்கும் வேலை தொடங்கவிருந்த 2001இல், இயற்கை ஆர்வலர்களும் தன்னார்வலர்களும் இங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து முறையிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தை ஒத்திவைத்தது. பலகைப் பாலம் 2007இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த கனமழையில் ஜொகூர் ஆற்றின் நன்னீர் கடலில் கலந்து, உப்பு குறைந்து, இங்கே ஏராளமான உயிரினங்கள் மாண்டுபோயின. பிறகு மெல்ல மெல்லத் திரும்பின. மனிதரிடமிருந்து தப்பிய இடம் மழையிடம் மாட்டிக்கொண்ட கதை இது.

நேரம் மிச்சமிருந்தால் படகுத்துறைக்கு மேற்கே உள்ள பெக்கான் கல்குவாரி வரை நடக்கலாம், தூரம் குறைவு. கல் வெட்டிய பள்ளத்தில் இப்போது பச்சை நீர், கரை மரங்களில் நாரைகள். 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கும் இந்தத் தீவிலிருந்து கருங்கல் போயிருக்கிறது. ஜொகூர் போய் வருகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

விலங்குகள் விஷயத்தில் முதல் விதி, பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்திருக்காதீர்கள். அந்தச் சலசலப்பு கேட்டாலே குரங்குகளுக்குச் சாப்பாட்டு நினைவு வந்துவிடும். எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பையில் போட்டுவிடுங்கள். காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் நின்று வழிவிடுங்கள், குட்டிகளோடு இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். தலைக்கு மேலே கனத்த சிறகோசை கேட்டால் அண்ணாந்து பாருங்கள், இருவாச்சியாக இருக்கலாம். நெடுங்காலம் சிங்கப்பூரில் காணாமற்போயிருந்த அந்தப் பறவை 1994இல் உபினில்தான் மறுபடி இணையாகத் தென்பட்டது. பலகைப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, சைக்கிள் எடுத்தவர்களும் வாசலில் நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

குடிநீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கம்பத்தைத் தாண்டினால் கடைகளை நம்ப முடியாது. கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு கிளம்புங்கள். வானம் இருட்டி இடி கேட்டால் பாலத்தின் நடுவே நின்று படம் எடுக்காமல் உடனே கரையேறிவிடுங்கள், திறந்த கடற்பரப்பில் மின்னல் விளையாட்டில்லை. படகுகள் மாலை 7 மணியை ஒட்டி ஓய்ந்துவிடும், பெரியவர்கள் இருந்தால் 5 மணிக்கே படகுத்துறைக்கு வந்துவிடுவது நல்லது. சங்கு சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தாலும் சரி, தாத்தா பாட்டி அடம்பிடித்தாலும் சரி.