காசநோயாளியின் வீட்டில் அடுப்பு எரியட்டும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம் – ஆரணி, திருவள்ளூர் மாவட்டம்)



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பம் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. நிவாரணத்தை வைத்தவன் அல்லாஹ். தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மனிதர்களுடையது.

அப்படிக் காசநோய்க்காகத் தேடப்பட்ட ஒரு நிவாரணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். உலகில் காசநோய் வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வார்ப்படத் தூசியிலும் கல் தூசியிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நெருக்கடியான அறை, நுரையீரலில் படியும் தூசி, அரை வயிற்றுச் சாப்பாடு, இந்த மூன்றும் காசநோய்க்குக் கதவைத் திறந்து வைக்கின்றன.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

முன்பெல்லாம் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால் இவைதான் வைத்தியம். தாம்பரத்தில் இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் ஏழை நாட்டில் எல்லோருக்கும் கட்டில் கிடைக்குமா?

1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அவரவர் வீட்டிலேயே ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. பின்னர் ஐந்தாண்டுகள் கவனித்தபோதும், நோயாளி வீட்டில் தங்கியதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் முறை பரவ இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆனால் இதிலிருந்து பலர் தவறான ஒரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஆய்வு பதில் தேடியது, மாத்திரை சாப்பிடும் நோயாளி வீட்டிலேயே குணமாவாரா என்ற கேள்விக்கு. அதே வீட்டில் இன்னும் நோய் வராமல் இருக்கும் மனைவி மக்களுக்குச் சாப்பாடு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

தடுப்பூசியால் அவர்களைக் காப்பாற்ற முடியாதா? 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தார்கள். நம் திருவள்ளூர் பகுதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. சுமார் 2.6 லட்சம் பேர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியைத் தவறாமல் போடுங்கள். பெரியவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அரிசியும் பருப்பும் செய்த வேலை

அன்பானவர்களே! அந்த வழிகளில் ஒன்றைக் காட்டியது ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ரேஷன்ஸ் என்ற ஆய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய இந்த ஆய்வில் நம் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்தது. 2,800 காசநோயாளிகளும், அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் இதில் இருந்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது.

கொடுத்தது என்ன? விலை உயர்ந்த ஊசியா? நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அரிசியும் பருப்பும்தான்.

குழம்பு வைத்தால் அதில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அதை நாம் நல்ல பண்பு என்ற அளவில்தான் புரிந்து வைத்திருக்கிறோம். காசநோய் உள்ள வீட்டுக்குப் போகும் அந்தக் குழம்பு ஓர் உயிரையும் காக்கக்கூடும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மறைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று மறைத்து, அந்தப் பெண்ணையே இழந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும், கிருமி முழுதாகப் போயிருக்காது. மருத்துவர் சொன்ன காலம் வரை மாத்திரை சாப்பிட வேண்டும். ரமலான் வந்தால் மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

மூன்றாவது, ஒதுக்காதீர்கள். இது காற்றில் பரவும் நோய். தட்டு, டம்ளர் வழியாகப் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்து, தேவையானால் தடுப்பு மாத்திரை பெறலாம்.

நான்காவது, உணவு கொடுங்கள். நோயாளிக்கு அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். ஆனால் உழைத்துச் சம்பாதித்தவரே படுத்துவிட்டால் ஒரு குடும்பத்துக்கு அது போதுமா? ஆய்வின் கணக்குப்படி, வீட்டில் மற்றவர்கள் நான்கு பேர் என்றால் மாதம் 20 கிலோ அரிசி, 6 கிலோ பருப்பு. ஒரு தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்தால் ஆறு மாதம் கொடுத்துவிடலாம். ஜமாஅத்தாகச் செய்ய நினைத்தால் 2022இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் பதிவு செய்து, சுகாதார ஊழியர் மூலமாகவே கொடுக்கலாம். யாருடைய பெயரையும் மஸ்ஜிதில் அறிவிக்க வேண்டாம். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான்.

தகுதியுள்ள ஏழை முஸ்லிமுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம், மற்றவர்களுக்கு சதகாவாகக் கொடுங்கள். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் வாடகை அறையில் இருமிக்கொண்டிருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளியும் நமக்கு அண்டை வீட்டார்தான். அவருடைய மாநில மக்கள் பங்கேற்ற ஆய்வில்தான் நாம் இன்று பாடம் படிக்கிறோம்.

சகோதரர்களே! தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் தெருவை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் இருமல் சத்தம் கேட்கிறது? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை?

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆராய்ச்சியில் உழைப்பவர்களுக்கு நல்வழி காட்டுவாயாக. பசித்த அண்டை வீட்டாரை மறந்துவிட்ட கூட்டத்தில் எங்களைச் சேர்க்காதிருப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.