வேலமரத்தடியில் ஓர் ஆட்சி

கேள்வி: சோமாலிகளிடையே சுல்தான், உகாஸ், கராத் என்றெல்லாம் அழைக்கப்படும் குலத்தலைவர்கள் எப்படித் தோன்றினார்கள்?

பதில்: சோமாலிக் குலத்தலைவர் பதவி மேய்ச்சல் வாழ்க்கையில் பிறந்தது. ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் அந்த வறண்ட நிலத்தில் இந்தப் பருவம் இங்கே பெய்யும் மழை அடுத்த பருவம் வேறெங்கோ பெய்யும். ஒட்டகமும் ஆடும் வளர்ப்பவர்கள் மழையைத் தேடிப் போயாக வேண்டும். போன இடத்தில் கிணற்றடியில் இன்னொரு குலத்தின் மந்தை நிற்கும். யாருக்கு முதல் தண்ணீர் என்ற தகராறு கொலையில் முடிந்தால் தீர்த்து வைக்க அரசனும் இல்லை, காவலரும் இல்லை. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசக்கூடிய ஆள் தேவைப்பட்டார். அந்தத் தேவைதான் பதவியானது.

கடற்கரையிலும் ஆற்றோரங்களிலும் நிலைமை வேறு. மஜெர்தீன், ஹோபியோ, கெலெதி போன்ற சுல்தானகங்களில் வரி வாங்கிப் படை வைத்து ஆண்ட சுல்தான்கள் இருந்தார்கள். மேய்ச்சல் நிலத்துச் சுல்தானுக்குப் பட்டம் அதேதான். படை மட்டும் இல்லை.

பட்டங்கள் குலத்துக்குக் குலம் மாறும். சுல்தான் அரபியிலிருந்து வந்தது. சோமாலியில் கராத் என்ற சொல்லுக்கு அறிவு, விவேகம் என்று பொருள். பதவியேற்புச் சடங்கின் பெயர் ‘அலேமோ ஸார்’, அதாவது இலை சூட்டுதல். புதிய தலைவரின் தலையில் பச்சை இலைகளை வைப்பார்கள். மழையை நம்பி வாழும் மக்களுக்குப் பச்சை இலையை விடப் பெரிய கிரீடம் ஏது?

கேள்வி: தலைவர் பரம்பரையாக வருபவரா, தேர்ந்தெடுக்கப்படுபவரா?

பதில்: பெரும்பாலும் பட்டம் ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வரும். ஆனால் குலத்தார் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். ஜிபூட்டி, எத்தியோப்பியா, சோமாலியா மூன்றிலும் பரவி வாழும் ஈஸா குலத்தின் வழக்கம் தனித்தன்மை கொண்டது. அவர்களுடைய உகாஸ், வர்திக் என்ற கிளையிலிருந்து மட்டுமே வர வேண்டும். பெரியவர்கள் தகுதியான ஆளை அடையாளம் கண்டு, மரபுப்படி அவரைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பட்டம் கட்டுவார்கள். பதவியை நாடி வருபவரிடம் அதைக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சடங்கில் தெரிகிறது. அவருக்கு மேலே 44 பேர் கொண்ட மன்றமும், எல்லாரையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமும் உண்டு. எழுதாமல் வாய்வழியாகக் காக்கப்பட்ட அந்தச் சட்டத்தை யுனெஸ்கோ 2024இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: அதிகாரம் இல்லாத தலைவர் எப்படி நீதி வழங்குகிறார்?

பதில்: அவர் தனியாக வழங்குவதில்லை. வழக்கு ‘ஷிர்’ எனப்படும் கூட்டத்துக்குப் போகும். வேலமர நிழலில் வட்டமாக உட்காருவார்கள். வளர்ந்த ஆண் எவரும் எழுந்து பேசலாம். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை பேச்சு ஓடும், சில நேரம் வாரக்கணக்கில். அடிப்படை ‘ஹேர்’ என்ற வழக்காறு. குலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் முந்தைய தீர்ப்புகளும் சேர்ந்தது அது.

ஓர் ஆள் கொலையுண்டதாக வைத்துக்கொள்ளலாம். ஆண் உயிருக்கு ஈடாக 100 ஒட்டகம் என்பது வழக்கமான அளவு. இதற்கு ‘மக்’ என்று பெயர். கொன்றவன் மட்டும் கொடுப்பதில்லை. அவனோடு ஒப்பந்தத்தால் பிணைந்த உறவினர் கூட்டம் முழுவதும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. சில நூறு ஆண்களிலிருந்து சில ஆயிரம் ஆண்கள் வரை இருக்கும் இந்தக் கூட்டமே சோமாலிச் சமூகத்தின் உண்மையான அரசியல் அலகு என்று, 1961இல் வெளியான தம் நூலில் மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ் காட்டினார். ஒருவன் கத்தியை எடுத்தால் ஊரே ஒட்டகம் இழக்கும் என்பதால், முன்கோபக்காரனை அடக்கி வைக்கும் பொறுப்பு அவன் சித்தப்பன், பெரியப்பன் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. காவல் நிலையம் இல்லாத நாட்டில் இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

குறை இல்லாமல் இல்லை. பெண்ணின் உயிருக்கு 50 ஒட்டகம்தான். கூட்டத்தில் பெண்களுக்கு இடமும் இல்லை. பகை தீர்க்க ஒரு பெண்ணை எதிர்க் குலத்துக்கு மணமுடித்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அவள் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. சிறிய, பலவீனமான குலங்கள் தங்களுக்குத் தீர்ப்பான ஈட்டைக்கூட வாங்க முடியாமல் நிற்பதுண்டு. வழக்காற்றைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்நிய ஆட்சியில் இவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: ஏடன் துறைமுகத்திலிருந்த தங்கள் படைக்கு இறைச்சி தேவைப்பட்ட பிரிட்டிஷார் 1884 முதல் 1886 வரை வடக்குக் குலங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்திட ஒரே அரசன் இல்லாததால் பெரியவர்கள் பலர் சேர்ந்து அடையாளமிட்டார்கள். பின்னர் அரசு ‘ஆகில்’ என்ற பெயரில் சம்பளத் தலைவர்களை நியமித்தது. சம்பளம் வந்ததும் மக்கள் பக்கம் சாய்ந்திருந்த தலைவர் அரசு பக்கமும் பார்க்க வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின், 1969இல் சோமாலியாவின் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே குலப் பேச்சையே தடை செய்தார். பெரியவர்களுக்கு ‘நபத்தோன்’, அதாவது அமைதி தேடுபவர், என்று புதுப்பெயர் கொடுத்து அரசு ஊழியராக்கினார். வெளியே குலத்தை ஒழிப்பதாகச் சொன்ன அதே ஆட்சி, தன் பிடியைக் காக்கக் குலங்களை ஒன்றோடொன்று மோத விட்டது.

கேள்வி: இப்போது இவர்களுக்கு மதிப்பு இருக்கிறதா?

பதில்: 1991இல் அரசு நொறுங்கியபோது எஞ்சி நின்றவர்கள் இவர்கள்தான். அந்த ஆண்டு மே மாதம் வடக்கிலுள்ள சோமாலிலாந்து, சோமாலியாவிலிருந்து தனியாகப் பிரிவதாக அறிவித்தது. பிறகு உள்சண்டை மூண்டது. 1993இல் போராமா நகரில் 150 பெரியவர்கள் வாக்குரிமையோடு கூடி, ஏறத்தாழ நான்கு மாதம் பேசினார்கள். ஆயுதக் குழுக்களை அடக்க உடன்பாடு கண்டு, முகமது இப்ராகிம் எகாலை அதிபராகத் தேர்ந்தெடுத்து, பெரியவர் மன்றமான ‘கூர்த்தி’யை நாடாளுமன்றத்தின் மேலவையாக்கினார்கள். உலக நாடுகளில் பெரும்பாலானவை அங்கீகரிக்காத அந்த நாட்டுக்கு அடித்தளம் போட்டது மரத்தடிப் பேச்சுதான்.

தெற்கில் அனுபவம் கசப்பாயிற்று. 2012இல் 135 மரபுத் தலைவர்கள் 275 எம்.பி.க்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016இல் அவர்கள் ஓர் எம்.பி. இடத்துக்கு 51 பேர் வீதம் 14,025 வாக்காளர்களை நியமித்தார்கள். இரண்டு முறையும் பணம் புழங்கியதாகக் கடும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. வடக்கிலும் கூர்த்தியின் 82 இடங்களுக்கு இன்றுவரை மக்கள் வாக்களித்ததில்லை. இறந்துபோன பல உறுப்பினர்களின் இருக்கைகளில் அவர்களுடைய மகன்களும் உறவினர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.