மரவில் பழகத் தொடங்குவோருக்கு

ஜெர்மனியில் வில் வாங்க உரிமம் தேவையில்லை. ஆனால் வில்லால் மானையோ காட்டுப்பன்றியையோ வேட்டையாடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் இங்கே பலர் காட்டுப் பாதையில் நுரையால் செய்த விலங்கு உருவங்களை நோக்கி எய்கிறார்கள்.

வில் பழக ஆசையா? உடனே கடைக்குப் போக வேண்டாம். முதலில் உள்ளூர் வில் சங்கத்தில் 'ஷ்னுப்பர்குர்ஸ்' என்ற அறிமுக வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் வில், அம்பு, கைக்காப்பு எல்லாம் அங்கேயே தருவார்கள்.

அடுத்து, குறிபார்க்கும்போது மேலோங்கி நிற்கும் உங்கள் ஆளும் கண்ணைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டி, இரு கண்களையும் திறந்தபடி, தொலைவில் உள்ள ஒரு பொருளைக் கட்டைவிரலால் மறையுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்கு விரல் இடம் மாறாமல் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். அது வலது என்றால் வில் இடக்கையில், நாண் வலக்கையில்.

வில்லின் இழுவிசை பெரியவர்களுக்கு 20 முதல் 25 பவுண்டு போதும். வீராப்புக்காக 40 பவுண்டு வாங்குபவரின் தோள்தான் முதலில் கெடும்.

இனி அம்பு. மர அம்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஹாம்பர்க் அருகே ஸ்டெல்மோரில், பனியுகத்தின் இறுதியில் வாழ்ந்த கலைமான் வேட்டைக்காரர்களின் பைன்மர அம்புகளை ஆல்ஃபிரெட் ருஸ்ட் 1930களில் தோண்டியெடுத்தார். இரண்டாம் உலகப் போரில் அவை அழிந்துபோனது பெரிய இழப்பு. இன்று நீங்கள் வாங்கும் அம்பின் விறைப்பு வில்லின் இழுவிசைக்குப் பொருந்த வேண்டும். அம்பில் உண்மையான இறகுதான் இருக்க வேண்டும். அது வில்லை உரசும்போது மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் இறகோ அம்பைத் தட்டிவிடும்.

நாணேற்ற அதற்கென்று உள்ள கயிற்றையே பயன்படுத்துங்கள். காலிடுக்கில் வைத்து வளைத்தால் வில் முறுக்கிக்கொள்ளும். இரு முனைகளிலும் நாணின் கண்ணி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இழுங்கள். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்: அம்போடு போக வேண்டிய ஆற்றல் வில்லுக்குள் திரும்பி அதைப் பிளந்துவிடக்கூடும்.

பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். நாண் சொரசொரப்பானால் தேன்மெழுகு தடவி, சூடேறும்வரை விரலால் தேயுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் அருகே வில்லை வைக்கவே கூடாது. வறண்ட சூட்டில் மரம் வெடிக்கும். கோடையில் பூட்டிய காரும் அதே கேடுதான். சூடில்லாத அறையில் படுக்கவைத்தோ ஆணியில் தொங்கவிட்டோ வையுங்கள்.

கல்லிலோ மரத்திலோ பட்ட அம்பை மெல்ல வளைத்துச் சுழற்றிப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ 'கிரீச்' என்றாலோ அது எய்யும்போது ஒடிந்து கையில் பாயலாம். வேறு யாரும் எடுத்துவிடாதபடி அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடுங்கள்.